அவர் உட்கார்ந்த இடங்கள்

அந்த வருஷங்களில் எப்போது பார்த்தாலும் எனக்குக் கால் வலி. பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர், நாள் முழுக்க நின்றே பாடம். வீட்டுக்கு வந்தால் நின்றே சமையல். இந்த லட்சணத்தில் மலையைச் சுற்றி நடந்து மேப் வேறு போட்டுக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் கடைசி அது.

ரோடு, கோயில், குளம் எதுவும் இல்லாத மேப். கிரிவலம் போகும்போது என் வீட்டுக்காரர் அலுத்துப்போய் எங்கெங்கே உட்காருகிறாரோ, அந்த இடங்கள் மட்டும்தான். வெள்ளைத் துணியில் ஒவ்வொரு நடைக்கும் ஒரு நூல் வளையம், உட்கார்ந்த இடத்தில் ஒரு சிவப்பு முடிச்சு. நான் உட்கார மாட்டேன். குறித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். அவரோ, "இந்தா, உன் படத்துக்கு ஒரு முடிச்சு" என்று கிண்டல் செய்துகொண்டே சப்பணம் போட்டு உட்காருவார்.

சென்னையில் கேலரி நடத்தும் ஒருவர் துணியைப் பார்த்துவிட்டு, "இப்போ நடக்கறதே ஒரு ஆர்ட்தான் மேடம்" என்றார். அப்படிப் பார்த்தால் எங்கள் ஊரே பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஆர்ட்டிஸ்ட்தான் என்று சிரித்தேன். கண்காட்சியில் வைப்பதாகச் சொன்னதும் ஆசையும் வந்துவிட்டது.

அதற்குள் என் வீட்டுக்காரருக்கு மாரடைப்பு. பிழைத்து வந்ததே பெரிசு. ஜாஸ்தி நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவர் கேட்டால்தானே! "ஒரே ஒரு சுத்து, முழுசா முடிச்சிட்டேன்னா போதும்" என்று தினமும் பிடுங்கி எடுத்தார். சரி என்று சொல்லப் பயம். வேண்டாம் என்றால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கூட்டமில்லாத ஒரு நாள் விடிந்ததும் கிளம்பினோம். செங்கம் ரோட்டில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார், அப்புறம் ஒரு புளியமரத்தடியில். அடி அண்ணாமலை தாண்டியதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் வியர்வை. ஆட்டோ ஒன்றும் கண்ணில் படவில்லை. அவரைத் தோளில் தாங்கிக்கொண்டு முன்பக்கமாகவே நடந்தேன். கடை திறந்துகொண்டிருந்த இட்லிக்கார அம்மா பார்த்துவிட்டுக் கத்தினார்.

"இன்னாம்மா, கிளினிக் பின்னாலதானே கீது! அவர இழுத்துக்கினு எங்க போற?"

ஆமாம், இப்போதுதான் அதைக் கடந்து வந்தோம். போர்டைக்கூடப் பார்த்தேன். ஆனால் அந்தப் பாதையில் எங்கள் ஊர்க்காரர் கால் பின்னால் திரும்பாது. மலை வலது கைப் பக்கம்தான் இருக்க வேண்டும். திரும்பலாம் என்பதே எனக்குத் தோன்றவில்லை. அவர் அந்த மூச்சிரைப்பிலும், "திரும்பினா மலை இடது கைக்கு வந்துடும்மா. சுத்து முடியாதே" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "மலை எங்கனா இருந்துட்டுப் போவட்டும்! எனக்கு நீங்க இருக்கணும்!" என்று நடுரோட்டில் கத்திவிட்டு அவரைத் திருப்பினேன். பிறந்ததிலிருந்து நடந்த ரோடு, அன்றைக்கு வேறு யாருடைய ஊரோ போல இருந்தது. எதிரே வந்தவர்கள் முறைத்தார்கள். முறைக்கட்டும் என்று நடந்தேன்.

பிழைத்துக்கொண்டார். ஆனால் இனி நடை கிடையாது என்று ஆகிவிட்டது.

கடைசி நூல் வளையமாகவில்லை. அடி அண்ணாமலை தாண்டி நின்று, கொஞ்சம் பின்னால் திரும்பி, ஒரு முடிச்சோடு முடிந்துவிட்டது. பார்க்க நன்றாக இல்லை, அதை மட்டும் பிரித்துவிடலாமே என்றார் கேலரிக்காரர். பிரிப்பதானால் மொத்தத் துணியையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றேன். ஒரு மூலையில் மாட்டினார்.

கண்காட்சிக்கு இவரும் வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் துணியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்தக் கடைசி முடிச்சைக் காட்டினார்.

"இது தப்பு. கிளினிக்ல நான் எங்க உக்காந்தேன்? உள்ள இல்ல படுத்துக்கினு இருந்தேன்?"

"அது நீங்க இல்ல. நான். வெளியே படியில."

என்னையே பார்த்தார். அப்புறம் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்துகொண்டு, "வா, உக்காரு" என்றார்.