சேலையூரனுக்குக் கிடைத்த வீடு

கிபாயத்துல்லா தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவர். கவிதைகளை மட்டும் சேலையூரன் என்ற பெயரில் எழுதினார். பெயரில் பிறந்த ஊர் தெரிந்தால் போதும், மதம் தெரிய வேண்டாம் என்பது அவர் கொள்கை. இருநூறு பேர் படிக்கும் சிற்றிதழுக்குத் தபாலில் அனுப்புவார். எல்லாம் தெருக்களைப் பற்றியவை: தண்ணீர் லாரி நிற்காத தெரு, பெயரைக் கேட்டபிறகு வீடு காலியில்லாமல் போகும் தெரு.

2006இல் இரும்புலியூரில் அவர் குடியிருந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்ட முடிவாயிற்று. மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். அவரும் மனைவி பரிதாவும் பார்த்த வீடுகளில் எல்லாம் முதலில் பெயரைக் கேட்டார்கள்.

சிற்றிதழின் பின்னட்டையில் ஒரு சிறிய விளம்பரம் வந்தது. சிட்லபாக்கத்தில் சந்தாதாரர் ஒருவரின் மாடி வாடகைக்கு, எழுதுகிறவர்களுக்கு முன்னுரிமை. கிபாயத்துல்லா போன் செய்தார்.

"சேலையூரன் பேசறேன் சார்."

அந்தப் பெயரை அவர் வாயால் சொன்னது அதுவே முதல் தடவை.

"நீங்களா?" என்றார் வீட்டுக்காரர் லக்ஷ்மிநாராயணன். "அந்த வீடு காலியில்லாம போற கவிதை படிச்சுட்டு எனக்குச் சாப்பாடே இறங்கலை. மாடி உங்களுக்குத்தான். ஞாயித்துக்கிழமை வாங்கோ."

ஞாயிற்றுக்கிழமை போனார்கள். லக்ஷ்மிநாராயணன் கேட்டைத் திறந்து பரிதாவின் பர்தாவைப் பார்த்தார். மரியாதையாகத் தண்ணீர் கொடுத்தார்.

"சேலையூரன் காலம்பறவே வந்து சாவி வாங்கிண்டுட்டாரே. நீங்க அவருக்கு வேண்டியவாளா?"

"நான்தான் சார் சேலையூரன்."

"அவர் குரல் எனக்குத் தெரியாதா? போன்ல பேசியிருக்கேனே."

மாடிக் கொடியில் நீலக் கட்டம் போட்ட சட்டை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. பையோரம் வெள்ளையாக லென்ஸ் தூள் கறை. பரிதா அதைப் பார்த்தாள். பிறகு கணவர் போட்டிருந்த சட்டையைப் பார்த்தாள். அதே நீலக் கட்டம், அதே கறை.

"பொய் சொல்றாரு" என்றார் கிபாயத்துல்லா, தெருவுக்கு வந்ததும்.

"சட்டையுமா பொய் சொல்லுது? அந்த ஆளுக்கு வூடு கெடைக்குது. உங்களுக்குத் தெருதான். போய் எழுதுங்க."

அடுத்த இதழில் சேலையூரன் கவிதை வந்திருந்தது. கிபாயத்துல்லா எதுவும் அனுப்பியிருக்கவில்லை. மாடியிலிருந்து தெரியும் ஏரியைப் பற்றிய கவிதை. நன்றாக இருந்தது. அதில் தெரு இல்லை.

அவர் புதிதாக ஒன்று எழுதிச் சொந்தப் பெயரில் அனுப்பினார். ஆசிரியர் போனில் கூப்பிட்டார்.

"நல்லா எழுதறீங்க பாய். ஆனா அப்படியே சேலையூரன் சாயல். நீங்க உங்களை எழுதுங்க."

மாதக் கடைசி நெருங்கியது. ஒரு மத்தியானம் பரிதாவைக் கீழே நிறுத்திவிட்டு, அவர் சிட்லபாக்கத்து மாடியேறிக் கதவைத் தட்டினார். உள்ளே மின்விசிறி ஓடும் சத்தம் நின்றது.

"யாரு?"

என்ன பெயர் சொல்வது என்று சற்று யோசித்தார்.

"கிபாயத்துல்லா."

கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ வந்து நின்றது தெரிந்தது. மூச்சு கேட்டது.

"வீடு காலி இல்லீங்களே" என்றது குரல்.

கீழே நின்ற பரிதா நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாங்க, கதவத் தட்டிட்டு நீங்களே பதில் சொல்லிக்கிறீங்க?"