நானூறு முகங்களும் ஒரு சாஃப்ட்வேரும்

இரண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்கில் நடந்தது இது. அப்போது திருப்பூர் வேலம்பாளையத்தில் நானும் என் கணவரும் சின்னதாக ஒரு ஸ்டுடியோ நடத்திக்கொண்டிருந்தோம். படம் பிடிப்பது அவர், கம்ப்யூட்டர் வேலை முழுக்க நான். ஆறு மாதம் கோர்ஸ் படித்திருந்தேன் என்பதால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

பக்கத்துப் பனியன் கம்பெனியில் நானூறு தொழிலாளர்களுக்கு அடையாள அட்டை போட்டுத் தரும் வேலை எங்களுக்குக் கிடைத்தது. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் கம்பெனியைச் சோதித்துப் பார்க்க ஆடிட்டுக்கு வருகிறார். அதற்குள் எல்லார் கழுத்திலும் கார்டு தொங்க வேண்டும். "கார்டு இல்லாதவங்க அன்னைக்கு ஊட்டுலயே இருந்துக்கட்டுங்க, உள்ள விடமாட்டோம்" என்று கம்பெனி அதிகாரி கறாராகச் சொல்லிவிட்டார். வீட்டில் இருந்தால் அன்றைய கூலி போச்சு.

ஷிப்மென்ட் நெருக்கடியில், மிஷினை விட்டு யாரால் எப்போது எழ முடிந்ததோ அவர்கள் அப்போது வந்து உட்கார்ந்தார்கள். எல்லாருக்கும் கம்பெனி கொடுத்த அதே நீல டி-ஷர்ட், பின்னால் அதே வெள்ளைத் திரை. ஆள் அடையாளத்துக்காக டோக்கன் நம்பர் எழுதிய சீட்டை நெஞ்சருகே பிடித்துக்கொண்டார்கள். யாராவது கண் சிமிட்டிவிட்டால் என்ன செய்வது என்று என் கணவர் ஆளுக்கு இரண்டு படம் எடுத்தார். ஆக எண்ணூறு படங்கள்.

இவ்வளவு படங்களையும் கையால் சரிசெய்ய முடியாது என்று சாஃப்ட்வேர் தேடினேன். கோயம்புத்தூர் போட்டோ லேப்காரர் ஒருவர் ஒன்றைச் சொன்னார். அது இரண்டிரண்டு படமாகப் பக்கத்தில் வைத்து, 'எது வேண்டும்?' என்று ஒவ்வொரு முறையும் கேட்கும். நானூறு முறை யார் பதில் சொல்வது? கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி.யில் இன்னொன்று இருந்தது. அது எதையும் கேட்காது, எல்லாவற்றையும் தானே முடித்துவிடும். எனக்கு அதுதான் பிடித்தது.

"ஒவ்வொண்ணாப் பாத்துப் பண்ணு புள்ள, என்ன அவசரம்?" என்றார் கணவர்.

"நீங்க கேமராவைப் பாருங்க, இதை நான் பாத்துக்கறனுங்க" என்று வாயை அடைத்தேன்.

அவர் ஊத்துக்குளியில் ஒரு கல்யாணத்துக்குப் படமெடுக்கப் போய்விட்டார். நான் சாஃப்ட்வேரைத் திறந்து, 'பாஸ்போர்ட் அளவுக்கு வெட்டு', 'ஒரே மாதிரி இருப்பதில் ஒன்றை மட்டும் வை' என்று இரண்டு கட்டங்களில் டிக் அடித்து ஓட விட்டேன். பிறகு நிம்மதியாகச் சோறு வைக்கப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால், நானூறு இருக்க வேண்டிய இடத்தில் நூற்றைம்பது படங்கள்தான் இருந்தன. என்ன நடந்தது என்று புரிய எனக்குக் கால் மணி நேரம் ஆனது. அது முதலில் படங்களைக் கழுத்துக்குக் கீழே வெட்டியிருக்கிறது. நம்பர் சீட்டு இருந்ததே அங்கேதான். சீட்டும் போன பிறகு அதன் கண்ணுக்கு எல்லாரும் ஒரே நீலச் சட்டை, ஒரே வெள்ளைத் திரை, ஒரே கறுப்புத் தலை. பாதிக்கு மேல் ஆட்களை 'டூப்ளிகேட்' என்று தூக்கி எறிந்துவிட்டது.

எறிந்தவை ரீசைக்கிள் பின்னில் கிடந்தன. அப்பாடா என்று எல்லாவற்றையும் மீட்டேன். ஆனால் மீண்டு வந்தவையும் வெட்டிய படங்கள்தான். முகம் இருந்தது, நம்பர் இல்லை. நகல் எடுத்து வைக்கவில்லை. மெமரி கார்டை அழித்துக் கல்யாணத்துக்குக் கொடுத்தனுப்பியதும் நானே. ஆடிட் நாளை மறுநாள். ஷிப்மென்ட் நேரத்தில் நானூறு பேரை மறுபடி எழுப்ப எந்தக் கம்பெனி சம்மதிக்கும்? என் சோம்பேறித்தனத்தால் அத்தனை பேரும் ஒரு நாள் கூலியை இழக்கப் போகிறார்கள்.

மறுநாள் காலை, தாளுக்கு இருபது முகமாக அச்சடித்துக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். அதிகாரி மீட்டிங்கில் இருந்தார். கேன்டீன் பெஞ்சில் தாள்களைப் பரப்பிக்கொண்டு திருதிருவென விழித்துக்கொண்டிருந்தேன். லைன் லைனாக டீ கொண்டுபோய் ஊற்றும் பெண் எட்டிப் பார்த்தார். தெற்கத்திக்காரர். என்னைவிட நாலைந்து வயது இளையவராக இருப்பார்.

"என்னக்கா, முகமெல்லாம் வெளிறிப் போயிருக்கு?"

அழுகையை அடக்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் கேனை இறக்கி வைத்துவிட்டு முதல் தாளைக் கையில் எடுத்தார்.

"இதுக்கா இந்தப் பாடு? இந்தா, இவ ஓவர்லாக்கு மிஷினு. சீனி இல்லாமத்தான் குடிப்பா. இந்த அண்ணாச்சி கட்டிங்கு, ரெண்டு கிளாஸ் வேணும் அவருக்கு. இவ டீயே தொடமாட்டா, வெறும் பாலுதான்."

ஒவ்வொரு முகத்துக்கும் பெயரைச் சொல்லிக்கொண்டே போனார். நான் கம்பெனி லிஸ்டைப் பார்த்து டோக்கன் நம்பரை எழுதிக்கொண்டே வந்தேன். இடையில் டீ ஊற்றப் போவார், வந்து விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். செக்கிங்கில் இருந்த அக்கா தங்கை இருவரிடம் மட்டும் அவருக்குக் குழப்பம் வந்தது. தாளை எடுத்துக்கொண்டு போய் நேரிலேயே கேட்டுவிட்டு வந்தார். படமெடுத்த மூன்று நாளும் நானும் இந்த முகங்களோடுதான் உட்கார்ந்திருந்தேன். வெளிச்சம் சரியா என்று பார்த்தேனே தவிர, ஒருவரையும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

சாயங்காலத்துக்குள் நானூறும் முடிந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதே விட்டேன். பிறகுதான் தோன்றியது.

"உங்க போட்டோ எதுலங்க இருக்கு?"

"எனக்கு எதுக்குக்கா? நான் காண்ட்ராக்டு ஆளுல்லா. ஆடிட் அன்னைக்கு வரவேண்டாம்னு சொல்லிட்டாவ."

சொல்லிவிட்டு அவர் கிளாஸ் கழுவப் போனார்.

அப்போது நான் பேசாமல் கிளம்பியிருக்கலாம். என் தப்பு அதிகாரிக்குத் தெரியவே தெரியாது. ஆனால் கால் வரவில்லை. அதிகாரியின் அறைக்குப் போய், டீ ஊற்றும் பெண்ணுக்கும் ஒரு கார்டு போட வேண்டும் என்றேன்.

"லிஸ்ட்லயே இல்லீங்களே அவங்க" என்றார்.

"அவங்க இல்லைன்னா நாளைக்கு ஒரு கார்டும் இல்லீங்க" என்று தொடங்கி, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. வேலையே போய்விட்டது என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தவர், லிஸ்டின் கடைசியில் 'கேன்டீன்' என்று எழுதி அந்தப் பெண்ணின் பெயரைச் சேர்த்தார். "இனிமே இந்த மாதிரி வெளையாட்டு வேண்டாங்க" என்று மட்டும் சொன்னார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அன்றிரவே கணவரை வரச்சொல்லி அந்தப் பெண்ணையும் படமெடுத்து, விடிவதற்குள் எல்லாக் கார்டுகளையும் அடித்து முடித்தோம்.

ஆடிட் அன்று காலை கேட்டில் நின்று கார்டுகளைக் கொடுத்தேன். ஒருவர்கூட வீட்டுக்குத் திரும்பவில்லை. கழுத்தில் கார்டோடு, டீ கேனைத் தூக்கிக்கொண்டு அவரும் உள்ளே போனார்.

அதன்பின் எத்தனையோ சாஃப்ட்வேர் மாற்றிவிட்டேன். ஒரு படத்தை அழிக்கும் முன் என்னைக் கேட்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். ஆனாலும் அது கேட்கும்போது பதில் சொல்ல, எதிரில் இருப்பவர் யார் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டுமே. அதனால் இன்றுவரை, பெயரைக் கேட்டு இரண்டு வார்த்தை பேசாமல் யாரையும் நாங்கள் கேமரா முன்னால் உட்கார வைப்பதில்லை.