ஒரு நாளைக்கு எத்தனை தடவை பல் தேய்ப்பீங்க?

சர்வே எடுக்கிறவளுக்கு மூளை அவ்வளவாக வேண்டாம். நல்ல செருப்பும், முகத்தில் கதவைச் சாத்தினாலும் "தேங்க்ஸ்ங்க" என்று சொல்லத் தெரிந்த வாயும் போதும். உங்களில் யாராவது படிக்கிற காலத்தில் கையில் அட்டையும் பேனாவுமாக முன்பின் தெரியாதவர் வீட்டு பெல்லை அழுத்தியிருந்தால், நீங்கள் எனக்குச் சொந்தம். அழுத்தாதவர்களும் படிக்கலாம். எப்படியும் எங்களில் ஒருத்தியை நீங்கள் விரட்டியிருப்பீர்கள்.

செருப்பு பார்த்துக் கொடுத்த வேலை

தொண்ணூறுகளின் கடைசி. கிருஷ்ணகிரியிலிருந்து வந்து பெங்களூரில் எம்.ஏ. சமூகவியல் படித்துக்கொண்டிருந்தேன். லிங்கராஜபுரத்தில் ஹாஸ்டல். எங்கள் துறையில் ஒரு பிடிவாதமான விதி இருந்தது. எங்காவது நாற்பது நாள் வெளிவேலை பார்த்து சர்டிபிகேட் கொண்டுவந்தால்தான் ஹால் டிக்கெட், இல்லையென்றால் பரீட்சை அடுத்த வருஷம்தான். அடுத்த வருஷமோ என் தங்கை காலேஜில் சேர வேண்டிய வருஷம். "ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல படிக்க வைக்க என்னால ஆகாதும்மா. நீ முடிச்சிட்டு வா, அவ போகட்டும்" என்று அப்பா முதல் நாளே சொல்லி அனுப்பியிருந்தார். நான் கோட்டை விட்டால் அடி விழுவது அவளுக்கு.

ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. எல்லோரும் ஃபேனைப் போட்டு உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, இல்லை என்றார்கள். கடைசியில் என் கிளாஸ்மேட் ரோஸ்லின் ஒரு சர்வே கம்பெனிக்கு இழுத்துக்கொண்டு போனாள். லிங்கராஜபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழில் ஆரம்பித்த வாக்கியத்தைக் கன்னடத்தில் முடிப்பாள். அங்கே சூப்பர்வைசர் மஞ்சுநாத் சார். கன்னடக்காரர். தமிழ் அவருக்கு வாடகை வீடு மாதிரி, ஆனால் நன்றாகவே குடியிருந்தார். என் மார்க் ஷீட்டை அவர் தொடக்கூட இல்லை. மேசைக்குக் கீழே குனிந்து என் ஹீல்ஸைப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "ஏன்மா, இந்தச் செருப்பை மாத்திட்டு நாளைக்கு வா. வேலை உனக்குத்தான்."

மருமகளுக்கு விழுந்த நம்பர்

பற்பசை சர்வே. வீட்டுக்கு ஒரு ஃபாரம், நாற்பது கேள்வி. பதில் சொல்கிறவருக்கு ஒரு ட்யூப் இலவசம். ஆனால் யார் பதில் சொல்ல வேண்டும் என்பதை நாம் முடிவு செய்ய முடியாது. வீட்டிலிருக்கிற பெரியவர்களையெல்லாம் வயது வரிசையில் எழுதி, ஃபாரத்தில் அச்சடித்த கட்டத்தில் எந்த நம்பர் விழுகிறதோ அவரைத்தான் கேட்க வேண்டும். பேச ஆசைப்படுகிறவருக்கு அந்த நம்பர் விழுந்து நான் பார்த்ததே இல்லை.

பெங்களூரில் தமிழர்கள் நிறைய இருக்கிற ஸ்ரீராம்புரத்தில் ஒரு வீடு. மாமியார் நாற்காலியை இழுத்துப் போட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, பேட்டிக்குத் தயாராக உட்கார்ந்துவிட்டார். நம்பர் மருமகளுக்கு விழுந்தது. "அவளுக்கு இன்னா தெரியும்? நீ என்னியக் கேளு" என்றார். விதி அது இல்லை என்று பத்து நிமிஷம் கெஞ்சினேன். மருமகள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். நான் கேட்க, மாமியார் பதில் சொல்ல, மருமகள் தலையாட்ட, முப்பத்தொன்பது கேள்வி அப்படியே ஓடிற்று. கடைசிக் கேள்வி, இப்போது இருப்பதை மாற்ற விரும்புகிறீர்களா என்பது. அதற்கு மட்டும் மருமகள் முந்திக்கொண்டார். மாமியாரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "பேஸ்டை மட்டுமா கேக்கறீங்க?"

வலது கைப் பக்கம்

இன்னொரு விதியும் உண்டு. கொடுத்த விலாசத்தில் ஆரம்பித்து, வலது கைப் பக்கமாகவே நடந்து, மூன்றாவது வீடு, ஆறாவது வீடு என்று தட்ட வேண்டும். பிடித்த வீடாகப் பார்த்து நுழையக் கூடாது. பூட்டியிருந்தாலும் ஆள் மறுத்தாலும் மூன்று தடவை போய்ப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்கு மாறலாம்.

இந்த விதியோடு எங்களை ஐந்து நாள் மங்களூருக்கு அனுப்பினார்கள். கிருஷ்ணகிரிக்காரி நான், அதுவரை கடலை காலண்டரில்தான் பார்த்திருந்தேன். இரண்டாம் நாள் எனக்கும் ரோஸ்லினுக்கும் கிடைத்த தெருவில் வலது கைப் பக்கமாகவே நடந்தோம். ஓட்டு வீடுகள் போய்த் தென்னை மரம் வந்தது. அப்புறம் மணல். அப்புறம் எதிரே ஒன்றுமே இல்லை, தண்ணீர்தான். ஃபாரத்துக்கு இன்னும் ஒரு வீடு பாக்கி இருந்தது. அன்றைக்கு சாயங்காலம் வரை நாங்கள் எந்தக் கதவையும் தட்டவில்லை. நனைந்த ஃபாரங்களை மணலில் பரப்பி, பறக்காமல் இருக்க மேலே செருப்பை வைத்துவிட்டு, சுண்டல் தின்றுகொண்டு, லெக்சரர்கள் ஒவ்வொருவராக நடித்துக் காட்டிச் சிரித்தோம். இரண்டு வருஷப் படிப்பில் நான் மாணவியாக இருந்தது அந்த ஒரு மதியம்தான் என்று இப்போதும் தோன்றும். ஆனால் முதலில் நான் அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மணலிலேயே திகைத்து நின்றேன். ரோஸ்லின் சுடிதாரைத் தூக்கிச் செருகிக்கொண்டு சொன்னாள்: "விதிப்படி அடுத்த வீடு தண்ணிக்குள்ள இருக்குடி. வா, போய்க் கேட்டுட்டு வரலாம்."

பேக்கரியில் எழுதிய ஃபாரம்

பெங்களூர் திரும்பினோம். வேலையின் நாற்பதாவது நாள். மீண்டும் ஸ்ரீராம்புரம். ஒரே ஒரு ஃபாரம் பாக்கி. வலது கைப் பக்கம், மூன்றாவது வீடு, பச்சைக் கதவு. "யாரு?" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். சர்வேங்க என்றேன். "ஒண்ணும் வேணாம், போ." பக்கத்து வீட்டில் விசாரித்தேன். முனுசாமி, அறுபத்தெட்டு வயது, கார்ப்பரேஷனில் வேலை பார்த்து ரிட்டையரானவர், தனி ஆள். அரை மணி நேரம் கழித்து மறுபடி தட்டினேன். "போன்னு சொன்னேன்ல." ஆளின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

மூன்றாவது தடவையும் தட்டியிருக்க வேண்டும். ஆனால் அன்று மதியம் கப்பன் பார்க்கில் எங்கள் வகுப்பின் பிரிவு விருந்து. எனக்காக ஒரு தட்டு ஆறிக்கொண்டிருந்தது. எதிர்த்த பேக்கரியில் போய் உட்கார்ந்தேன். தேங்காய்ப் பூரணம் வைத்த தில்பசந்த் ஒரு துண்டும் டீயும் வாங்கிக்கொண்டு, முனுசாமியை நானே உண்டாக்கினேன். ஒரு நாளைக்கு இரண்டு தடவை பல் தேய்க்கிறார். நுரை நிறைய வர வேண்டும். ஈறு கெட்டியாக இருக்க வேண்டும். வாசனைக்கு ஐந்துக்கு ஐந்து. இலவச ட்யூப் பெற்றுக்கொண்டார். அந்த ட்யூப் என் பையிலேயே கிடந்தது. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் பசியும் இருந்தது. பேனா ஓடிய வேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பேக்கரிக்காரர் கல்லாவிலிருந்து சொன்னார்: "பரீட்சையா மேடம்? எதையும் பாக்காமலே எழுதறீங்களே, கெட்டிக்காரிதான்."

சுவரில் ஒட்டிய லிஸ்ட்

சர்வே எடுத்தவர்களுக்குத் தெரியும், பத்துக்கு ஒரு ஃபாரத்தை சூப்பர்வைசரே நேரில் போய்ச் சரிபார்ப்பார். ஒன்று பொய்யென்று தெரிந்தால் எழுதினவளுடைய மொத்த ஃபாரக் கட்டும் குப்பை, சர்டிபிகேட்டும் கிடையாது. மறுநாள் ஆபீஸ் சுவரில் லிஸ்ட் ஒட்டினார்கள். என் கட்டிலிருந்து எடுத்தவற்றில் கடைசி நம்பர், முனுசாமி. தங்கை வாங்கி வைத்திருந்த காலேஜ் விண்ணப்பம்தான் கண் முன்னால் வந்தது.

மஞ்சுநாத் சார் போவதற்குள் நான் போய்விட வேண்டும் என்று பஸ் பிடித்து ஓடினேன். பச்சைக் கதவு சாத்தியிருந்தது, தட்டத் துணியவில்லை. சரி, கதவிடமே சொல்லிவிடுவோம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். நாற்பது நாள், சர்டிபிகேட், அப்பா, தங்கை, பேக்கரி, பையில் கிடக்கிற ட்யூப், ஒன்றையும் விடவில்லை. நடுவில் அழுகை வேறு வந்து தொலைத்தது. உள்ளே பாடிக்கொண்டிருந்த ரேடியோ நின்றது.

"எனக்குப் பதிலா இன்னா எழுதினே?" என்றது குரல்.

வரிசையாகச் சொன்னேன். இரண்டு தடவை. நுரை. ஈறு. வாசனைக்கு ஐந்து. "இன்னொரு தபா சொல்லு" என்றது. சொன்னேன். காட்டிக்கொடுப்பாரா, காப்பாற்றுவாரா, ஒரு வார்த்தை வரும் என்று நின்றேன். வந்தது இவ்வளவுதான்: "மழை வர்ற மாதிரி இருக்குது. வூடு போய்ச் சேரு."

ரெண்டு வேளை

அடுத்த நாள் ஆபீஸ் பெஞ்சில் நானும் ரோஸ்லினும். அவள் எனக்காக மாதா கோயிலுக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டாள். பதினொரு மணிக்கு மஞ்சுநாத் சார் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றினார், தண்ணீர் குடித்தார், ஃபாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இந்த முனுசாமியை நீ பாத்தியா?"

இனிமேல் ஒரு பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. "குரலைத்தான் கேட்டேன் சார்" என்றேன்.

"நான் பாத்தேன். கேள்வி கேட்டு முடிக்கறதுக்குள்ள பதில் வருது. ரெண்டு வேளை தேய்க்கறாராம், நுரை வேணுமாம், ஈறு கெட்டியா இருக்கணுமாம், வாசனைக்கு அஞ்சு. ட்யூப்பும் வந்து சேந்துச்சாம்." பேனாவைத் திறந்து ஃபாரத்தில் டிக் போட்டார். சர்டிபிகேட்டை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். அப்பாடா என்று நான் விட்ட மூச்சில் மேசை மேலிருந்த காகிதம் நகர்ந்தது. சர்டிபிகேட்டை என் கையில் கொடுத்தவர், அதன் மறுமுனையைக் கொஞ்ச நேரம் விடாமல் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அவர் வாயில ஒரு பல் கூட இல்லைம்மா. பல் இருக்கான்னு பாக்கச் சொல்லி என் ஃபாரம்ல போடலை, ஆய்த்து, முடிஞ்சுது, போ."

நுரை

நேராக ஸ்ரீராம்புரம் போனேன். மூன்றாவது தடவை தட்டாமல் விட்டது ஒன்று பாக்கி இருந்ததே, தட்டினேன். இந்தத் தடவை கதவு திறந்தது. ஒல்லியாக, உயரமாக, பனியனோடு ஒருத்தர். இரண்டு கன்னமும் உள்ளே போயிருந்தன. என்ன சொல்வதென்று தெரியாமல் கையெடுத்துக் கும்பிட்டேன். "பாஸா?" என்றார். பாஸ்ங்க என்றேன். வாய் முழுக்க ஈறாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும்தான் நாற்பது நாள் நடந்த கால்வலி எனக்கு விட்டது.

அவருக்குச் சேர வேண்டிய ட்யூப்பைப் பையிலிருந்து எடுத்தேன். எடுத்த பிறகுதான் யாரிடம் எதை நீட்டுகிறேன் என்று உறைத்தது. திரும்ப உள்ளே வைக்கவும் முடியவில்லை. அவர் வாங்கி, மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து, மிகவும் பொறுப்பாக என்னிடம் கேட்டார்: "நான் சொன்னபடி நுரை வருமாம்மா?"

எங்கள் வீட்டில் ஒருத்தி படித்து முடித்ததும், அடுத்த ஜூனில் இன்னொருத்தி படிக்கப் போனதும், தேய்க்கப் பல்லே இல்லாத ஒருத்தர் எங்களுக்காக இரண்டு வேளையும் தேய்த்ததால்தான்.