ஆடிக்கும் ஆஷாடத்துக்கும் நடுவில் ஒரு டெமோ

எங்கள் ஆர்க்கிடெக்ட் ஆபீசுக்கு இன்று ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேர் விற்க ஒரு பெண் வந்தாள். அவளுக்கு இதுதான் முதல் டெமோவாம்.

நாங்கள் கட்டப்போகும் ஜீவனஹள்ளி வீட்டையே உதாரணமாக எடுத்து, அடுத்த வாரம் பூமி பூஜை என்று திரையில் போட்டுக் காட்டினாள்.

"ஆஷாடத்துலயா? எங்க கன்னடக்காரங்களுக்கு ஆகாத மாசமாச்சே, மேஸ்திரி வரவே மாட்டார்மா," என்றார் என் பார்ட்னர் கௌடா.

பாவம், ஆஷாடம் முழுக்க லீவு என்று குறித்தாள்.

"அது முடிஞ்சாலும் வீட்டுக்காரங்க தமிழங்க. அவங்களுக்கு ஆடி பாக்கி இருக்கும்," என்றேன்.

அதையும் லீவாக்கினாள். சாஃப்ட்வேர் எல்லாத் தேதியையும் தானே தள்ளி, கிரகப்பிரவேசத்தை அடுத்த வருஷ ஆடியில் கொண்டுபோய் நிறுத்தியது.

கௌடாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பிடிச்சிருக்கும்மா, வாங்கிக்கறோம். ஆனா ஆஷாடம் முடியட்டும்."

லிஃப்ட் வரை கூடப் போனேன். "உங்களுக்கு ஆடி கீடின்னு எதுவும் இல்லையே மேடம்?" என்றாள்.

இல்லவே இல்லை என்று சொல்லிவிட்டேன். என் மாமியாரிடம் யாரும் போட்டுக்கொடுத்துவிடாதீர்கள்.