ராகு காலம் காப்பாற்றிய கம்ப்யூட்டர்

பாகங்களைத் தனித்தனியாக வாங்கி, என் முதல் கம்ப்யூட்டரை நானே பொருத்தி உருவாக்க ஆசைப்பட்டேன். ஞாயிறு மாலை, எங்கள் மந்தைவெளி வீட்டில் பெட்டிகளைப் பரப்பியதும் கணவர் தடுத்தார்.

“ராகு காலம் போய்க்கினு கீது. இப்ப பிரிக்காத.”

எரிச்சலோடு உட்கார்ந்து, பொழுது போகாமல் பெட்டிகளில் அச்சிட்டிருந்ததைப் படித்தேன். மதர்போர்டில் டிடிஆர்-5 வகை நினைவகம், அதாவது ராம், மட்டுமே பொருந்துமாம். நான் வாங்கியிருந்ததோ டிடிஆர்-4. தெரியாமல் அழுத்திச் செருகியிருந்தால் இரண்டுமே பாழாகியிருக்கும்.

மறுநாள் கடைக்காரர் ராம் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். “சீல் பிரிக்கல இல்ல? அப்ப மாத்திக்கலாம்கா.”

இப்போது மதர்போர்டுக்குப் பொருந்துமா என்று கேட்டுத்தான் எதையும் வாங்குகிறேன். வீட்டுக்கு வந்தும், பெட்டியை முழுக்கப் படிக்காமல் பிரிப்பதில்லை. ராகு காலம் முடியத்தான் நான் காத்திருப்பதாகக் கணவர் தெருவெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார், நானும் மறுக்கவில்லை.