ஐந்து கிலோ கல்லும் ஒரு கோலியும்

இன்று காலை எங்கள் கம்பெனியில் கட்டிங் மேசையில் விரித்திருந்த பனியன் துணி நகராமல் இருக்க, ஒரு பெண் ஐந்து கிலோ எடைக்கல்லைத் தொம்மென்று வைத்தாள். அந்தச் சத்தத்தில் எனக்கு மறுபடியும் பதிமூன்று வயதாகிவிட்டது.

அறுபதுகளில் ஒரு நாள், சூரியனை ஒட்டி வரும் நட்சத்திர வெளிச்சம் அதன் ஈர்ப்பில் கொஞ்சம் வளையும் என்று டீச்சர் சொன்னார். அப்பா இறந்தபின் எங்களைத் தன் வீட்டில் வைத்து வளர்த்த பெரியப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் விற்கப்போகும் பனியன் துணியைப் பல்புக்கு நேரே பிடித்து ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெளிச்சம் வளையுமா? தெனமும் அதுலயே கண்ணு வெச்சிருக்கற எனக்குத் தெரியாதா?"

நான் விடவில்லை. கயிறு அவிழ்த்த கட்டில் சட்டத்தில் அவருடைய புதுப் பனியன் துணியை இழுத்துக் கட்டி, நடுவில் அவருடைய எடைக்கல்லை வைத்து, ஓரமாகக் கோலியை நேரே உருட்டினேன். கல்லருகே வந்ததும் கோலி வளைந்து ஓடியது.

"இப்படித்தானுங்க பெரியப்பா, வெளிச்சமும்."

அவர் கோலியைப் பார்க்கவே இல்லை. கல்லை எடுத்தார். துணி தொங்கிப்போயிருந்தது.

"இத இனி எவன் போடுவான்? நாளைலிருந்து பள்ளிக்கோடம் வேண்டாங் கண்ணு. பனியன் மடி."

அந்தக் 'கண்ணு'வைத்தான் நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இப்போது கம்பெனி என்னுடையது. ஆபீஸ் சுவரில் மாலையோடு அவர் படம். "வெளக்கு ஏத்துங்க அத்தை" என்கிறாள் மருமகள். மாட்டேன். இந்த ஆபீஸ் வெளிச்சமாவது அவர் பக்கம் வளையாமல் நேராகப் போகட்டும்.