கடலில் ஊற்றும் நல்ல தண்ணீர்

பல வருடங்களுக்கு முன் இன்ஜின் பழுதாகி, எங்கள் படகு இலங்கைக் கரையில் ஒதுங்கியது. அங்கே ஒரு மீனவர் வீட்டில் தண்ணீர் கொடுத்து, சோறாக்கிப் போட்டு, இன்ஜினையும் சரிசெய்து அனுப்பினார்கள். கூச்சத்தில் பெயர்கூடக் கேட்கவில்லை. நன்றியும் சொல்லவில்லை. பிறகு அந்த ஊரிலிருந்து அகதியாக வந்த ஒருவர், போரில் ஷெல் விழுந்து, நான் அடையாளம் சொன்ன அந்த வீட்டில் எல்லோரும் இறந்ததைச் சொன்னார். அந்த அதிர்ச்சியில் அவரிடமும் பெயரைக் கேட்கவில்லை.

அதிலிருந்து, ஒவ்வொரு வருடமும் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போகும் முதல்நாள், ஒரு குடம் நல்ல தண்ணீரைக் கடலில் ஊற்றுகிறேன்.

இந்த வருடம் படகில் புதிதாகச் சேர்ந்த கூட்டாளி சிரித்தான்.

“இன்னா அண்ணாத்த, நெம்மேலி பிளாண்ட்ல கடல்தண்ணிய நல்ல தண்ணியாக்கினு கீறாங்க. நீ திரும்பக் கடல்லயே ஊத்துறியே!”

விஷயத்தைச் சொன்னேன்.

“அவங்க பேரு இன்னா?”

“தெரியாதுடா.”

அவன் இன்ஜினை நிறுத்தினான்.

“மெதுவா ஊத்து, அண்ணாத்த.”

ஊற்றினேன். “ரொம்ப நன்றிங்க” என்று முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன்.